பேரம் என்னும் ‘கலை’: பழங்கார் வணிகம் பற்றிய ஒரு மறுப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒழுங்கைகளிலே 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஒரு வணிகம் வேர்கொண்டுள்ளது. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலிய பழைய பிரித்தானியக் கார்களைத் தேடி வருவோர், படலைக்கு மேலால் எட்டிப் பார்த்து, கொட்டிலிலோ மாமரத்தின் கீழோ நிற்கும் வாகனத்துக்கு விலை கேட்கின்றனர். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பொருள் உள்ள இடத்துக்கு வணிகர் வருவது உலக வழக்கு. வியப்புக்குரியது வேறு. விற்க மனமில்லாத ஒருவரிடமிருந்து ஒரு காரைக் குறைந்த விலைக்கு வாங்கி வருவதை ஒரு கலையாகவும், அறிவாற்றலின் வெளிப்பாடாகவும், ஏன், பண்பாட்டுப் பணியாகவுங்கூடப் போற்றுகின்ற மனப்பான்மையொன்று நம்மிடையே, அதிலும் படித்த இளைஞரிடையே, பரவி வருகின்றது. பல்கலைக்கழக விடுதிகளிலும் இத்தகைய ‘வெற்றிகள்’ பெருமையுடன் பேசப்படுகின்றன. அம்மனப்பான்மையை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கார்கள் இங்கு எவ்வாறு வந்தன, எவ்வாறு எஞ்சின என்பதை அறியாமல் இவ்விடயத்தைப் பேசுதல் பயனற்றது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் அந்நியச் செலாவணியைத் தேடிய பிரித்தானியா, தன் மோட்டார் உற்பத்தியைப் பெரிதும் ஏற்றுமதிக்கே திருப்பியது. 1948இல் இலண்டனில் அறிமுகமான மொறிஸ் மைனரும், 1947 தொடக்கம் 1954 வரை அடுத்தடுத்து வெளிவந்த ஒஸ்ரின் ஏ-40 வகைகளான டெவன், சோமசெற் என்பனவும் இவ்வாறே நம் நாட்டை அடைந்தன. மலாயாவில் உழைத்து ஓய்வூதியத்துடன் திரும்பியோர், வைத்தியர்கள், தலைமையாசிரியர்கள், வாடகைக் கார் ஓட்டுநர்கள் ஆகியோர் அவற்றை வாங்கினர். 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வரும்வரை புதிய காரொன்றை வாங்குதல் சாதாரண குடும்பத்துக்கு எட்டாததாயிற்று. ஆகவே உள்ள காரைக் காத்தல் விருப்பமாக அன்றிக் கட்டாயமாயிற்று. தென்னிலங்கையில் 1977இன் பின்னர் யப்பானியக் கார்கள் பழையவற்றை மெல்ல மெல்ல ஒதுக்கின. வடக்கில் அம்மாற்றம் நிறைவெய்து முன்னரே போர் வந்துவிட்டது.

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் குடாநாட்டிலே கிடைத்தற்கரிய பொருளாயிற்று. மண்ணெண்ணெயும் எளிதிற் கிடைக்கவில்லையாயினும் ஓரளவு கிடைத்தது. இங்கேதான் பழங்காரின் ‘பின்தங்கிய’ இயல்பு அதன் வலிமையாக மாறியது. ஏ-40இன் இயந்திரத்தின் அமுக்க விகிதம் ஏறத்தாழ ஒன்றுக்கு ஏழு. உயர் அமுக்க விகிதமுடைய புதிய இயந்திரங்கள் மண்ணெண்ணெயைத் தாங்கமாட்டா, பழையன தாங்கின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாவதில்லை. ஆதலால் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். புகை கக்கியது, பிளக்குகளிற் கரி படிந்தது, எஞ்சின் எண்ணெய் விரைவில் நீர்த்துப் போனது. அவற்றையெல்லாம் கராச்சுக்காரர் அன்றாடம் சீர்செய்தனர். காஸ்கெற்றை அட்டையிலும், புஷ்களைக் கடைச்சல் பட்டறையிலும், கண்ணாடி இறப்பரைப் பழைய ரியூப்பிலும் ஆக்கினர். பிரசவத்துக்கும் பிணத்துக்கும் திருமணத்துக்கும் இக்கார்களே ஓடின. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோது, வீட்டில் ஓடக்கூடிய ஒரு கார் இருந்தமைக்கும் இல்லாமைக்கும் இடையிலிருந்த வேறுபாட்டை முதியோர் உள்ள குடும்பங்கள் மறக்கவில்லை.

இத்தகைய பொருளை வாங்க வருபவர் கையாளும் வழிகளை நோக்குவோம். இவை எவரும் மறைத்து வைக்கும் இரகசியங்கள் அல்ல. பழங்கார் ஆர்வலர் உலகெங்கும் ஒருவருக்கொருவர் வெளிப்படையாகச் சொல்லிக்கொடுக்கும் அறிவுரைகளே. முதலில் ஆர்வத்தைக் காட்டலாகாது. வேறெதற்கோ வந்தவர் போல வந்து, தண்ணீர் கேட்டு, உறவுமுறை விசாரித்து, இறுதியிலேதான் காரின்மேற் கண் விழவேண்டும். உடைமையாளர் மறுத்தால் வாதிடலாகாது. தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போய், மீண்டும் மீண்டும் வரவேண்டும்; பேரப்பிள்ளைக்கு இனிப்புக் கொண்டுவர வேண்டும். வீட்டில் எவருக்குப் பணத்தேவை உண்டு, எந்தப் பிள்ளை வெளிநாடு செல்ல முயல்கின்றது, கூரை எப்போது வேயப்பட வேண்டும் என்பவற்றை அறிந்துகொள்ள வேண்டும். ஒரு நாள், அத்தேவை முற்றிய வேளையிலே, கட்டுக்கட்டாகக் காசைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்க வேண்டும். காசோலையைவிடக் காசு பேசும் என்பது இவர்களது சித்தாந்தம்.

காரை மட்டந்தட்டுவது இதன் இன்னொரு பகுதி. “ஐயா, எஞ்சின் போட்டுது, அடித்தகடு உக்கிப் போச்சு. இதை இரும்புக்காரன்கூட எடுக்க மாட்டான். உங்கட முகத்துக்காகத்தான் கேக்கிறன்” என்ற வசனத்தைக் கேளாத பழங்கார் வீடு எமது கிராமத்தில் இல்லை. அதன்பின் பத்திரங்கள் பற்றிய பேச்சு எழும். இடப்பெயர்வுகளிலே பதிவுப் புத்தகத்தைத் தொலைத்த குடும்பங்கள் பல. பதிவிலுள்ள உடைமையாளர் இறந்து, பெயர் மாற்றப்படாத கார்களும் பல. “பத்திரம் இல்லாத காருக்கு இதற்குமேல் எவன் தருவான்?” எனக் கேட்பவர், போக்குவரத்துத் திணைக்களத்தில் அப்பத்திரத்தை மீளப்பெறும் வழியை நன்கறிந்தவர். அறிந்ததைச் சொல்லாதிருத்தலே அவருடைய இலாபத்தின் ஒரு கூறு.

இங்கே ‘ஒறிஜினல்’ என்ற சொல்லின் ஆட்சியைக் கவனித்தல் வேண்டும். வாங்கும்போது காரில் ஒறிஜினல் எதுவுமில்லை: மட்கார்ட் ஊரிலே தட்டியது, இருக்கை ஊரிலே தைத்தது, காபரேற்றர் வேறொரு காரினது. அதே கார் ஓரிரு மாதங்களிலே கொழும்பில் விலைக்கு நிற்கும்போது ‘ஒறிஜினல் யாழ்ப்பாணக் கார், ஒரே குடும்பத்தின் பாவனை, பழைய ஆங்கில எழுத்து இலக்கத் தகடு’ என்ற விளம்பரம் அதற்கு மகுடஞ் சூட்டுகின்றது. ஒரே பொருள் வாங்கும் தராசில் ஒரு நிறையும் விற்கும் தராசில் வேறு நிறையும் காட்டுகின்றது. (இலக்கத் தகட்டைப் பற்றி ஒரு சொல். 1957இல் ‘ஸ்ரீ’ எழுத்துத் தகடு நடைமுறைக்கு வந்தபோது அதற்கெதிராகத் தமிழர் நடத்திய போராட்டத்தை அரசியல் வரலாறு கற்கும் மாணவர் அறிவர். அதற்கு முந்திய தகடு இன்று வரலாறாகவன்றி அலங்காரமாகவே விலைபோகின்றது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அவ்வரலாறு நினைவிலிருப்பதாகத் தோன்றவில்லை.)

ஒறிஜினல் என்பது உண்மையில் யாது? தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் நிலையே அது எனின், அறுபது எழுபது ஆண்டுகள் ஓடிய எக்காரும் அவ்வாறு இருத்தல் இயலாது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசச் சம்மேளனமான ‘ஃபிவா’ 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் பட்டயம், உள்ளதை உள்ளவாறு பேணுதலுக்கே முதன்மை தருகின்றது. புத்தம் புதிதாக மீளமைத்தலை அது உயர்ந்த இலட்சியமாகக் கொள்ளவில்லை. அந்நோக்கின்படி, தடைக்காலத்தில் சுன்னாகத்துக் கராச்சொன்றில் அடிக்கப்பட்ட தகடும் அக்காரின் சான்றாதாரமே. அத்தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிரித்தானியாவிலிருந்து தகடு தருவிப்பவர் வரலாற்றைப் பேணுபவர் அல்லர், அழிப்பவர். இதிலே நகைப்புக்கிடமான செய்தியொன்றும் உண்டு. 1990களிலே, இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் நிலையத்தை நிறுவிய சார்ள்ஸ் வெயரின் முயற்சியால், மொறிஸ் மைனருக்கான உடற்தகடுகள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. இலங்கைத் தொழிலாளி அடித்த தகடு ஆங்கிலேயனின் காரிலே ஏறினால் மீட்புப் பணி. நமது காரிலே இருந்தால் ‘ஊர்த் தகடு’, விலையைக் குறை! பொருளின் தரத்தைவிட, அதைச் செய்தவனின் தராதரமே இங்கு விலையாக மாறுகின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

2014இல் மேற்குப் பிரான்சிலுள்ள ஒரு பண்ணையில் றோஜே பையோன் என்பார் 1950களிலிருந்து சேர்த்து வைத்த ஏறத்தாழ அறுபது கார்கள் வெளிச்சத்துக்கு வந்தன. துருப்பிடித்து, கூரை தாழ்ந்த கொட்டில்களில் அவை கிடந்தன. ஒரு பெறாரி காரின்மேற் பழைய சஞ்சிகைகள் குவிக்கப்பட்டிருந்தன. 2015 பெப்ரவரியில் பாரிஸ் நகரில் அவை ஏலத்துக்கு விடப்பட்டபோது தூசியைத் துடைக்காமலே காட்சிக்கு வைத்தனர். அப்பெறாரி ஒன்று மட்டும் ஒரு கோடியே அறுபத்து மூன்று இலட்சம் யூரோவுக்கு விலைபோனது. அப்பெறாரியையும் நமது சோமசெற்றையும் ஒப்பிடுதல் பேதைமை என்பதை நாம் அறிவோம். ஒப்பிட வேண்டியது விலையை அன்று, முறையை. அங்கே துருவும் தூசியும் கைபடாமைக்குச் சான்றாகி விலையை ஏற்றின. இங்கே அதே துரு விலையை இறக்கும் ஆயுதமாகின்றது. அங்கே ஒருவர் கேட்ட விலை மற்றெல்லோர் காதிலும் விழுந்தது. இங்கே விறாந்தையில் இருவர் மட்டும் இருக்கின்றனர். அவ்விருவருள் ஒருவருக்கே சந்தை விலை தெரியும்.

நம் கூற்றுக்கு எதிர்வாதங்கள் உண்டு. “விற்பவர் தாமாகவே சம்மதித்தார், கத்தியைக் காட்டியா வாங்கினோம்?” என்பது முதலாவது. சம்மதம் அறிவின் வழிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது நவீன மார்க்சியர் கண்டுபிடித்த கருத்தன்று. நமது நாட்டிலே இன்றும் பயில்கின்ற உரோம-டச்சுச் சட்ட மரபில் ‘லேசியோ எனோர்மிஸ்’ என்றொரு பழைய கோட்பாடு உண்டு. உண்மைப் பெறுமதியின் அரைவாசிக்கும் குறைந்த விலைக்கு விற்றவர் அவ்விற்பனையை நீக்கும்படி கோரலாம் என்பது அதன் சாரம். பெறுமதியை அறிந்தே விற்றவருக்கு அந்நிவாரணம் இல்லை. அக்கோட்பாடு முதலில் காணி விற்பனையைக் கருதி எழுந்தது. பழங்காருக்காக அதனை நீதிமன்றிலே வாதாடுமாறு நாம் எவரையும் தூண்டவில்லை. ஆயினும் பேரத்தில் முழுச் சுதந்திரம் வேண்டும் என்போர், அச்சுதந்திரத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை உரோமரே ஒப்புக்கொண்டனர் என்பதையும் ஒப்புக்கொள்ளட்டும்.

இரண்டாவது வாதம் சற்று வலிமையுடையது. “நாங்கள் வாங்காவிட்டால் மரத்தின்கீழ் உக்கி மண்ணாகும். திருத்துவதற்குச் செலவும் உழைப்பும் எங்களுடையன” என்பர். உக்குகின்றது என்பது மெய்யே. மாரிமழையும் கடற்காற்றும் இரும்புக்கு இரக்கங் காட்டுவதில்லை. திருத்துபவரின் உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்பதையும் நாம் மறுக்கவில்லை. இயந்திரத்தை இறக்கிக் கழுவிப் பொருத்தி ஏற்றுவது விளையாட்டன்று. ஆயின் அவ்வுழைப்புக்குரிய கூலி வேறு. விற்பவரின் அறியாமையிலிருந்து பிறக்கும் இலாபம் வேறு. திருத்திய செலவைக் கணக்கிட்டு, அதற்குமேல் நியாயமான ஆதாயமும் வைத்து, எஞ்சியதை உடைமையாளருக்குக் கொடுக்க முடியாதா? முடியும். அவ்வாறு கொடுத்து வாங்கியவர்களும் உளர். அவர்களுக்குப் படலை மூடப்படுவதில்லை என்பதையும் நாம் கண்டிருக்கின்றோம். அத்தகையோர் ‘பேரக் கலைஞர்’ என்ற பட்டத்துக்கு உரியவராகக் கருதப்படாமையே நம் குற்றச்சாட்டு.

இனி, நம் பக்கத்தில் நிற்பதாகத் தோன்றும் இன்னொரு கூட்டத்தையும் தனியே பிரித்துவைக்க வேண்டியுள்ளது. விடுமுறைக்கு வந்து, அந்தக் காருக்கு முன்னின்று படம் பிடித்து, “இது எங்கள் பாரம்பரியம், விற்கவே கூடாது” என்று முதியவருக்கு உபதேசித்துவிட்டு விமானம் ஏறுவோர் இவர்கள். ஒரு சோடி ரயரின் விலையைக் கேட்டால் பேச்சை மாற்றுவர். உடைமையாளருக்கு விற்கும் உரிமையும் உண்டு. வைத்தியச் செலவுக்காக விற்பவரைப் பாரம்பரியத் துரோகி எனல், அவரிடம் அரைவிலைக்கு வாங்குவதிலும் கொடிது.

விற்க மறுப்பவரின் மறுப்பை நாம் எவ்வாறு விளங்கிக்கொள்கின்றோம் என்பதே இவ்விடயத்தின் மையம். வாங்க வருபவரது அகராதியில் அது ‘பிடிவாதம்’, மனத்திடமற்ற உணர்ச்சி, காலத்தால் கரைக்கப்பட வேண்டிய தடை. பொருளியல் கற்கும் நண்பர்களும் இதனைப் ‘பகுத்தறிவற்ற நடத்தை’ என வகுத்துவிடுகின்றனர். நடந்ததைப் பார்ப்போம். 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பெப்ரவரி வரை அத்தடை தனியார் கார்களுக்கு நீடித்தது. இடையில் 2022இன் பொருளாதார வீழ்ச்சியில் ரூபாவின் பெறுமதி சரிந்தது. நாட்டிலிருந்த ஏறத்தாழ எல்லா வாகனங்களின் விலையும் ஏறியது. 2015இல் காரை விற்று அப்பணத்தை வங்கியில் இட்டவரையும், ‘விற்கிற எண்ணம் இல்லைத் தம்பி’ என்று கூறிக் காரை வைத்திருந்தவரையும் ஒப்பிட்டால் பகுத்தறிவு எவர் பக்கம் நின்றது? அம்முதியவர் எதிர்காலத்தை முன்னறிந்தார் என்று நாம் சொல்லவரவில்லை. பணம் பொய்த்துப் போவதையும், பொருள் வராது நின்றுபோவதையும், பாதை மூடப்படுவதையும் தம் வாழ்நாளிலே பலமுறை கண்டவர் அவர். ஏ-9 பாதை 2002இல் திறந்ததையும் 2006இல் மீண்டும் மூடியதையும் கண்டவருக்கு, திறந்திருக்கும் சந்தை என்றும் திறந்திருக்கும் என்ற நம்பிக்கை எவ்வாறு வரும்? அவருடைய மறுப்பு அனுபவத்தின் கணக்கு. அக்கணக்கை வாசிக்கத் தெரியாதவர்களே அதனைப் பிடிவாதம் என்கின்றனர்.

உதிரிப்பாகங்களின் கதை இதனினும் இழிவானது. முழுக் காரையும் தரமாட்டேன் என்பவரிடம் “அப்படியெனில் இதையாவது தாருங்கள்” என்ற வேண்டுகோள் பின்தொடர்கின்றது. பொனற்றின் முன்னுச்சியில் உள்ள சிறகு விரித்த ‘ஏ’ சின்னம், சமிக்ஞை விளக்குக்குப் பதிலாகக் கதவுத் தூணிலிருந்து கைபோல எழும் பழைய திசைகாட்டி, சில்லு மூடி, லூக்காஸ் முன்விளக்கு, ஸ்மித்ஸ் ஸ்பீடோமீற்றர் என்பன கேட்கப்படுகின்றன. கார் ஓடாமல் நிற்கின்றது, சின்னஞ்சிறு பொருள், வந்தவரும் பலமுறை வந்த முகம், மறுத்தால் மரியாதையன்று. முதியவர் கொடுத்துவிடுகின்றார், சிலவேளை காசே வாங்காமல். அப்பொருள் வேறொரு காரை ‘ஒறிஜினல்’ ஆக்கப் போகின்றது. அடுத்த ஆண்டு வரும் இன்னொருவர், பொனற்றிலுள்ள வெற்றுத் துளைகளைச் சுட்டிக்காட்டி, “சின்னமே இல்லை ஐயா, இதற்கு என்ன விலை தருவது?” என்கின்றார். முந்தியவர் செய்த வெறுமையைப் பிந்தியவர் விலைக்குறைப்பாக எடுத்துக்கொள்கின்றார். சிலவேளை இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாகவும் இருக்கின்றனர்.

கராச்சுகளிலும் இதுவே நிகழ்கின்றது. பெட்டி திறவாத பழைய சரக்கை இறாக்கையில் வைத்திருக்கும் மூத்த திருத்துநர், அதனை ஊரிலுள்ள இரண்டு மூன்று கார்களின் வருங்காலத் தேவைக்காகவே பேணிவந்தார். மொத்தமாக விலைபேசி எடுத்துச் செல்லப்பட்ட பின்னர், அவ்வூர்க் கார்கள் பழுதுபட்டால் நிற்கவேண்டியதுதான். நின்றால் விற்பனைக்கு வரும். இதனைத் திட்டமிட்ட சூழ்ச்சி என்று நாம் கூறவில்லை. திட்டம் எதுவும் இன்றியே, ஒவ்வொருவரும் தத்தம் இலாபத்தை நாட, முடிவு இவ்வாறு அமைந்துவிடுகின்றது.

இதற்கு நம் போன்ற மாணவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அது பெரிய காரியமன்று. விடுமுறையில் ஊருக்குச் செல்வோர், தத்தம் கிராமத்திலுள்ள பழங்கார்களின் அடிச்சட்ட இலக்கம், எஞ்சின் இலக்கம், உற்பத்தியாண்டு, எப்போது யாரால் எப்பகுதி மாற்றப்பட்டது, தடைக்காலத்தில் எதில் ஓடியது, இப்போது எவை கழற்றப்பட்டுள்ளன என்பவற்றை உடைமையாளரின் சம்மதத்துடன் எழுதி, ஒரு படியை அவரிடமே கொடுக்கலாம். அத்துடன், கொழும்பில் அதே வகைக் காருக்குக் கேட்கப்படும் விலைகளையும் அத்தாளிற் குறித்துவிடலாம். பதிவுப் புத்தகம் தொலைந்திருப்பின் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம். முதியோர் பலருக்குத் திணைக்களக் கடிதங்களின் மொழியே முதல் தடை. விலை தெரிந்தபின் அவர் விற்பதோ வைத்திருப்பதோ அவர் விருப்பம். வேண்டுவது ஒரு கொப்பியும் சில பிற்பகல்களும். இலக்கம் பொறித்த தகடு எங்கே இருக்கின்றதென்பதை அவ்வூர்க் கராச்சுக்காரர் எவரைக் கேட்டாலும் காட்டித் தருவார்.